டெஸ்ட் பிளானில் எழுதாமல் விடுகிற வரி

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கல்லூரிக் கட்டணம் கட்டும் ஆப் ஒன்றைச் சிறிய குழுவாக டெஸ்ட் செய்திருக்கிறீர்கள். 400 டெஸ்ட் கேஸ் (எதைச் செய்தால் என்ன வர வேண்டும் என்ற சோதனைக் குறிப்பு) எழுதி, எல்லாம் பாஸ் ஆன பிறகுதான் ரிலீஸ். ஆனாலும் முதல் வாரத்திலேயே "பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை" என்று மாணவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். டெஸ்டிங்கை எப்படித் திட்டமிட்டிருக்க வேண்டும், கையில் இரண்டு வாரம்தான் இருந்தால் எதை முதலில் செய்வது, ஆட்டோமேஷன் வைத்தால் தீருமா என்பவை உங்கள் கேள்விகள்.

400 என்பது குறைவான எண்ணிக்கை இல்லை. அந்த 400-ல் பெரும்பாலானவை ஆப் ஒழுங்காக ஓடும் வழியிலேயே நடந்து பார்த்தவையாக இருந்திருக்கும் என்பதுதான் என் கணிப்பு. லாகின் ஆகிறது, தொகை சரியாகத் தெரிகிறது, பணம் போகிறது, ரசீது வருகிறது. நம்மில் பலர் டெஸ்ட் பிளான் என்று எழுதுவது ஸ்கிரீன் வாரியான ஒரு பட்டியலைத்தான். பிளான் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எது உடைந்தால் யாருக்கு என்ன நட்டம்? நாம் செய்யும் ஒவ்வொரு டெஸ்டும் எதைப் பார்க்காமல் விடுகிறது? முதல் கேள்வியைச் சிலராவது எழுதுகிறார்கள். இரண்டாவதை எழுதிய பிளானைக் காண்பது அரிது. பெரிய விபத்துகள் பலவும் அந்த எழுதாத வரியில்தான் நடந்திருக்கின்றன.

2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு நம் நேரப்படி காலை 9.39-க்கு ஒரு அப்டேட் போனது. புதிய புரோகிராம்கூட இல்லை. எந்த நடவடிக்கையைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லும் சிறிய தரவுக் கோப்பு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். 78 நிமிடத்தில் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விழுந்த கணினிகளைச் சரிசெய்யத்தான் பல இடங்களில் நாட்கணக்கில் ஆனது.

டெஸ்ட் செய்யாமலா அனுப்பினார்கள்? இல்லை, செய்திருந்தார்கள். அந்த நிறுவனமே பிறகு வெளியிட்ட மூலகாரண அறிக்கையை டெஸ்டிங் செய்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். அந்த வகைக் கோப்பில் 21 புலங்கள் (மதிப்பு வைக்கும் இடங்கள்) உண்டு என்று வரையறுத்திருந்தார்கள். கணினியில் ஓடும் கோடு (code, அதாவது புரோகிராம்) கொடுத்ததோ 20 மதிப்புகளை மட்டும். இந்தப் பொருத்தமின்மை பிப்ரவரியிலேயே உள்ளே வந்துவிட்டது. டெவலப்மென்ட் டெஸ்டிலும் ஸ்ட்ரெஸ் டெஸ்டிலும் 21-ஆவது புலத்தில் வைல்டுகார்டு வைத்திருந்தார்கள். 'இங்கே எது இருந்தாலும் சரி' என்று அதற்குப் பொருள். எது இருந்தாலும் சரி என்றால் அந்த இடத்தை எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. அதனால் அங்கே ஒன்றும் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் போன கோப்புகளும் அப்படியே ஓடிவிட்டன. ஜூலை 19 கோப்பில்தான் முதன்முறையாக 21-ஆவது புலத்தில் குறிப்பிட்ட மதிப்பு ஒன்று இருந்தது. இல்லாத அந்த இடத்தைக் கோடு படிக்கப் போனது. அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் கோடு என்பதால் கணினியே சேர்ந்து விழுந்தது. கோப்பை முன்கூட்டியே பரிசோதிக்கும் வேலிடேட்டரும் 21 மதிப்பு வரும் என்று நம்பியே எழுதப்பட்டிருந்ததால் அதுவும் பாஸ் சொல்லிவிட்டது.

ஒரு டெஸ்ட்கூட ஃபெயில் ஆகவில்லை. டெஸ்டில் கொடுத்த தரவு நிஜத்தில் வரப்போகும் தரவைவிடச் சாதுவாக இருந்தது, அவ்வளவுதான். "21 புலங்களிலும் ஒவ்வொன்றாக, வைல்டுகார்டு அல்லாத மதிப்பைக் கொடுத்துப் பார்" என்ற ஒரே வரி பிளானில் இருந்திருந்தால் பிப்ரவரியிலேயே பிடிபட்டிருக்கும். பிறகு அவர்கள் சேர்த்ததும் அந்த டெஸ்டைத்தான்.

இப்போது உங்கள் ஆப். முதல் அரை நாளை டெஸ்ட் கேஸ் எழுதச் செலவிடாதீர்கள். டெவலப்பர், புராடக்ட் ஓனர் (ஆப்பில் என்ன வேண்டும் என்று முடிவு செய்பவர்), கல்லூரியின் கணக்குப் பிரிவில் உட்காரும் ஊழியர் ஆகிய மூவரோடும் உட்காருங்கள். கணக்குப் பிரிவு ஊழியரை யாரும் கூப்பிடுவதில்லை. ஆனால் போன வருடம் என்னென்ன குளறுபடி நடந்தது, பெற்றோர் எதற்குச் சண்டை போட்டார்கள், கடைசித் தேதியன்று என்ன கூட்டம் வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதை வைத்து நட்டப் பட்டியல் எழுதுங்கள். பணம் போய் ரசீது வராதது, இரண்டு முறை பணம் போவது, ஒருவர் கட்டியது இன்னொருவர் பெயரில் விழுவது, அபராதம் தவறாகச் சேருவது, கடைசி நாளில் ஆப் படுத்துக்கொள்வது, ஒரு மாணவரின் ரசீதை இன்னொருவர் பார்க்க முடிவது. பட்டனின் நிறமும் எழுத்துருவும் இந்தப் பட்டியலின் அடியில் வரும். பிளானின் வரிசை இதுதான். நேரம் போதாவிட்டால் கீழேயிருந்து வெட்டுங்கள், மேலேயிருந்து வெட்டாதீர்கள்.

முதல் வரியிலேயே உங்கள் ஆப் மாட்டியது. யூபிஐ பணப் பரிமாற்றத்தில் வெற்றி, தோல்வி என்ற இரண்டோடு மூன்றாவதாக 'நிலுவை' என்றும் ஒரு நிலை உண்டு. மாணவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழிந்திருக்கும், முடிவு மட்டும் இன்னும் உங்கள் சர்வருக்கு வந்திருக்காது. டெஸ்ட் என்விரான்மென்டில், அதாவது சோதனைக்கான சூழலில், பேமென்ட் கேட்வேயின் (ஆப்புக்கும் வங்கிக்கும் நடுவில் பணத்தைக் கையாளும் சேவை) சாண்ட்பாக்ஸ் என்ற போலி அமைப்பு பெரும்பாலும் சட்டென்று வெற்றி அல்லது தோல்வி என்று சொல்லிவிடும். உங்கள் 400 டெஸ்ட்களும் அதை நம்பி ஓடியிருக்கும். உங்கள் ஆப்பின் வைல்டுகார்டு அதுதான்.

இங்கே நீங்கள் எழுத வேண்டியவை வேறு. முடிவுச் செய்தி வரவே இல்லை என்றால் ஆப் தானாகப் போய்க் கேட்வேயிடம் நிலையைக் கேட்கிறதா? பத்து நிமிடம் தாமதமாக வந்தால்? ஆப் 'தோல்வி' என்று காட்டிய பிறகு 'வெற்றி' என்று வந்தால்? ஒரே செய்தி இரண்டு முறை வந்தால் ரசீதும் இரண்டு போகிறதா? மாணவர் பொறுமையிழந்து மறுபடியும் 'பணம் செலுத்து' அழுத்தி, இரண்டுமே வெற்றி ஆனால் ஒன்று ரீஃபண்ட் ஆகிறதா? செய்தியில் வந்த தொகையும் நாம் கேட்ட தொகையும் வேறாக இருந்தால்? பணம் கட்டும் நடுவில் அழைப்பு வந்து ஆப் பின்னால் போய்விட்டால்? இவற்றை சாண்ட்பாக்ஸில் வரவழைக்க முடியாவிட்டால், கேட்வே மாதிரி நடிக்கும் சிறிய ஸ்டப் ஒன்றை எழுதித் தரும்படி டெவலப்பரிடம் கேளுங்கள். ஒரு நாள் வேலை. உங்கள் இரண்டு வாரத்தில் இதைவிடப் பயனுள்ள ஒரு நாள் இருக்காது.

அடுத்து, தரவு. எல்லைகளில் நின்று பாருங்கள். யூபிஐயில் பொதுவாக ஒரு பரிமாற்றத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரம்பு. கல்விக் கட்டணத்துக்கும் மருத்துவமனைகளுக்கும் அதை 5 லட்சமாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரில் அறிவித்தது. 99,999, 1,00,000, 1,00,001 மூன்றையும் போட்டுப் பாருங்கள். கல்லூரியின் வணிகர் கணக்கு கல்வி என்ற வகையில் பதிவாகாமல் இருந்தால் 1,12,500 ரூபாய் கட்டணம் கட்ட வருகிறவர் திரும்பிப் போக வேண்டியதுதான். கோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. அதனால் இதைக் கோடுக்கான டெஸ்டாக எண்ணாமல் அமைப்புக்கான டெஸ்டாக எழுதி வையுங்கள்.

கடைசித் தேதி இன்னொரு எல்லை. சர்வர் யூடிசி நேரத்தில் (நம் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) ஓடி, கடைசித் தேதி ஜூலை 31 என்றால், சர்வரைப் பொறுத்தவரை அந்த நாள் முடிவது நமக்கு ஆகஸ்ட் 1 காலை 5.30 மணிக்கு. நள்ளிரவு 12.10-க்குக் கட்டியவருக்கு அபராதம் இல்லை, காலை 6 மணிக்குக் கட்டியவருக்கு உண்டு என்றாகிவிடும். ஜூலை 31 இரவு 11.59, நள்ளிரவு 12.01, காலை 5.29, 5.31 என்று நான்கு நேரங்களில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயர்கள் தனி உலகம். 'கடைசிப் பெயர்' கட்டாயம் என்று வைத்தால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் இனிஷியலை அங்கே போடுவார்கள். அடுத்த நிமிடமே 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று ஃபார்ம் மறுக்கும். தமிழில் பெயர் ஏற்கும் ஆப் என்றால் ஸ்ரீதர் என்ற பெயரைக் கட்டாயம் சோதியுங்கள். யூனிகோடில் (எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் பொதுக் குறியீட்டு முறை) ஸ்ரீ என்பதை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-ல் சேர்ந்த ஶகரத்தை வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஒரு கீபோர்டில் பதிந்த ஸ்ரீதரை இன்னொரு கீபோர்டில் தேடினால் 'அப்படி ஒரு மாணவர் இல்லை' என்று வரும். அதேபோல் 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் சேமிக்கலாம். நீளமும் ஏமாற்றும். ஸ்ரீதர் என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 7 குறிகள், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 21 பைட். டேட்டாபேஸில் பைட் கணக்கில் இடம் ஒதுக்கியிருந்தால் நீளமான பெயர் பாதியில் வெட்டுப்படும். ரசீதுச் செய்தியைத் தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து என்ற கணக்கு 70 ஆகச் சுருங்கிவிடும். ஒரு செய்தி மூன்றாகப் பிரிந்து மூன்று மடங்கு செலவு வைக்கும்.

என்விரான்மென்டைப் பற்றிப் பிளானில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். புரொடக்ஷனுக்கும் (மாணவர்கள் நிஜமாகப் பயன்படுத்தும் சர்வர்) டெஸ்ட் சர்வருக்கும் என்னென்ன வித்தியாசம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். பிரிட்டனில் டிஎஸ்பி (TSB) வங்கி 2018 ஏப்ரலில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியபோது, தரவெல்லாம் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. புதிய அமைப்புதான் தாங்கவில்லை, லட்சக்கணக்கானவர்களால் தங்கள் கணக்கைத் திறக்கக்கூட முடியவில்லை. இரண்டு டேட்டா சென்டர்கள் சேர்ந்து ஓட வேண்டிய அமைப்பு அது. லோடு டெஸ்ட் (அதிகச் சுமையைத் தாங்குமா என்ற சோதனை) போன்றவற்றை அவற்றில் ஒன்றில்தான் செய்திருந்தார்கள். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.865 கோடி பவுண்டு. உங்கள் கல்லூரிக்கு இவ்வளவு பெரிய அமைப்பு தேவையில்லை. ஆனால் கடைசி நாளன்று ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கட்டுவார்கள் என்பதைப் போன வருடக் கணக்கிலிருந்து எடுத்து, அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சுமையைக் கொடுத்துப் பாருங்கள். டெஸ்ட் டேட்டாபேஸில் 50 மாணவர்கள் மட்டும் இருந்தால் எந்தத் தேடலும் வேகமாகத்தான் ஓடும்.

இரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது? பொதுவாக எல்லோரும் 'பத்து நாளில் எல்லா டெஸ்டையும் ஒரு முறை ஓட்டுவோம்' என்று கணக்குப் போடுகிறார்கள். பக் (பிழை) வரும், டெவலப்பர் சரிசெய்வார், அதைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதைச் சரிசெய்தபோது வேறு எதுவும் உடைந்ததா என்றும் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் அந்தக் கணக்கில் இடமே இல்லை. எனவே குறைந்தது இரண்டு சுற்று என்று திட்டமிடுங்கள். புதிய பில்டு (டெவலப்பர் தரும் ஆப்பின் அடுத்த பதிப்பு) வந்ததும் அரை மணி நேர ஸ்மோக் டெஸ்ட். லாகின், ஒரு பேமென்ட், ஒரு ரசீது. அதுவே ஓடவில்லை என்றால் பில்டைத் திருப்பி அனுப்புங்கள், அதன் மேல் மற்ற டெஸ்ட்களை ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். அப்புறம் நட்டப் பட்டியலின் மேல் மூன்று. கடுமையான பக் முதல் மூன்று நாளில் வந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும், கடைசி வியாழக்கிழமை வந்தால் இருக்காது. கடைசி இரண்டு நாளில் எழுதி வைத்த டெஸ்ட் கேஸை மூடிவிட்டு ஆப்பைக் கையில் எடுத்து நோண்டுங்கள். மலிவான போனில், மோசமான சிக்னலில், பேட்டரி தீரும் நிலையில். இந்தக் கட்டற்ற தேடலில் கிடைக்கும் பக்குகள் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லாதவை.

பக் ரிப்போர்ட்டைப் பற்றிக் கொஞ்சம் கறாராகச் சொல்ல வேண்டும். "பேமென்ட் சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதினால் டெவலப்பர் "என் மெஷினில் ஓடுகிறதே" என்பார், இரண்டு நாள் போய்விடும். இப்படி எழுதுங்கள்: பில்டு 2.3.1, ஆண்ட்ராய்டு 12, டெஸ்ட் மாணவர் கணக்கு 17. 45,000 ரூபாய் கட்டணத்துக்கு யூபிஐ தேர்வு செய்து, வங்கி ஆப்பில் பின் போட்டதும் நெட்டை அணைத்தேன். இரண்டு நிமிடம் கழித்து நெட் போட்டபோது 'தோல்வி, மீண்டும் முயல்க' என்று காட்டியது. கேட்வே டாஷ்போர்டில் அதே பரிமாற்றம் வெற்றி என்று உள்ளது. பரிமாற்ற எண் இது, நேரம் 11.42. எதிர்பார்த்தது: நிலையை மறுபடி கேட்டு ரசீது தர வேண்டும். ஐந்து முறை செய்ததில் ஐந்து முறையும் வந்தது. இதைப் படிக்கிற டெவலப்பர் உங்களைத் தேடி வரவே வேண்டியதில்லை, நேராக லாகை (சர்வர் எழுதி வைக்கும் பதிவை) திறப்பார்.

ஆட்டோமேஷன் தேவைதான். அது ஏற்கெனவே தெரிந்த டெஸ்டைத் திரும்பத் திரும்ப ஓட்டும், புதிய கேள்வி கேட்காது. எனவே முதலில் சரியான கேள்விகளைக் கண்டுபிடியுங்கள். பிறகு மாறாதவற்றையும் பணம் சம்பந்தப்பட்டவற்றையும் ஆட்டோமேட் செய்யுங்கள். திரையைத் தட்டிப் பார்க்கும் டெஸ்ட்கள் குறைவாகவும், ஏபிஐ அளவிலான (திரையைத் தொடாமல் சர்வரிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்கும்) டெஸ்ட்கள் அதிகமாகவும் இருக்கட்டும். திரை மாதந்தோறும் மாறும், அபராதக் கணக்கு மாறாது. சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில் என்று ஆடும் டெஸ்டை உடனே சரிசெய்யுங்கள், முடியாவிட்டால் எடுத்துவிடுங்கள். சிவப்பைப் பார்த்து "அது எப்பவும் அப்படித்தான்" என்று குழு சொல்லப் பழகிவிட்டால், நிஜமான சிவப்பும் அதே பதிலோடு போய்விடும்.

ரெக்ரஷன் (ஏற்கெனவே ஓடியது இன்னும் ஓடுகிறதா என்று மறுபடி பார்ப்பது) பேச்சு வரும்போது "அந்த மாட்யூலில் நாங்கள் கை வைக்கவில்லை, டெஸ்ட் வேண்டாம்" என்பார்கள். 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து கிளம்பிய முதல் ஏரியான் 5 ராக்கெட் சுமார் 40 விநாடியில் சிதறியதன் காரணம் கை வைக்காத கோடுதான். திசையறியும் கருவியின் மென்பொருளை ஏரியான் 4-லிருந்து எடுத்து அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்று 16 பிட் இடத்துக்குள் அடங்கவில்லை. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள் என்பதால் அதுவும் அதே காரணத்தால் நின்றது. ஏரியான் 5 பறக்கப்போகும் பாதையின் தரவைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும் என்று விசாரணைக் குழு கண்டது. எனவே கோடு மாறியதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சுற்றியிருப்பது மாறியதா என்றும் கேளுங்கள். கேட்வே நிறுவனத்தை மாற்றினாலோ, மாணவர் எண்ணிக்கை இரட்டிப்பானாலோ, பழைய கோடும் புதிய கோடுதான்.

எப்போது நிறுத்துவது? '95 சதவீதம் பாஸ்' என்ற எண்ணில் எனக்கு நம்பிக்கை இல்லை. மீதி 5 சதவீதம் ரசீதில் இருக்கிறதா, நிறத்தில் இருக்கிறதா என்பதை அது சொல்லாது. சைன்-ஆஃப் தாளில் (ரிலீஸுக்குச் சம்மதம் தரும் தாள்) மூன்று பகுதிகள் போதும். எதை, எந்தத் தரவைக் கொண்டு பார்த்தோம். எதைப் பார்க்கவில்லை, ஏன். தெரிந்தே விட்ட பக்குகள் எவை. நடுப் பகுதியைப் புராடக்ட் ஓனர் முன்னால் படித்துக் காட்டி, அதன் கீழே அவர் கையெழுத்தை வாங்குங்கள். 'நிலுவை நிலையைச் சோதிக்கவில்லை, ஸ்டப் கிடைக்கவில்லை' என்ற வரியை அவர் படித்திருந்தால் ஒன்று ஸ்டப் கிடைத்திருக்கும், இல்லை ரிலீஸ் இரண்டு நாள் தள்ளிப் போயிருக்கும்.

ரிலீஸ் அன்றும் டெஸ்டர் வேலை முடியவில்லை. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் பங்கு வர்த்தக நிறுவனம் 45 நிமிடத்தில் 46 கோடி டாலர் இழந்தது. புதிய கோடு எட்டு சர்வர்களில் ஏழில்தான் ஏறியிருந்தது. விடுபட்ட எட்டாவதில் கைவிடப்பட்ட பழைய கோடு விழித்துக்கொண்டு கணக்கில்லாமல் ஆர்டர் போட்டது. சந்தை திறக்கும் முன்பே அந்த அமைப்பு 97 மின்னஞ்சல்களில் பிழையைக் குறிப்பிட்டிருந்தது, யாரும் அவற்றைக் கவனித்துச் செயல்படவில்லை. ஒவ்வொரு சர்வரிலும் பில்டு எண்ணைப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு துறை மாணவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ஒரு நாள் முடிவில் கேட்வே கணக்கையும் ஆப் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பின்வாங்குவது எப்படி என்பதை முன்கூட்டியே ஒரு முறை செய்து பாருங்கள், அதுவும் டெஸ்ட் கேஸ்தான்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் ரசீதுப் புகார்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, இதைப் பிடித்திருக்க வேண்டிய டெஸ்ட் எது என்று கேளுங்கள். அப்படி ஒரு டெஸ்டே இல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தும் தரவு சாதுவாக இருந்திருக்கலாம். என்விரான்மென்ட் வேறாக இருந்திருக்கலாம். பிடிபட்டும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளியிருக்கலாம். நான்கில் எது அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் அடுத்த பிளானில் எங்கே நேரம் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால், இன்றைக்கே, கேட்வேயில் வெற்றி என்றும் ஆப்பில் தோல்வி என்றும் இருக்கும் பரிமாற்றங்களின் பட்டியலை எடுத்துக் கணக்குப் பிரிவிடம் கொடுங்கள். ரசீது வராதவர்களில் சிலர் பயந்துபோய் இரண்டாவது முறையும் கட்டியிருப்பார்கள்.